தப்படிக்கும் காதுக்கு எந்த அடைப்பான்?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து 27 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் தோட்டத்தையும் நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

பன்னிரண்டு வயதிலிருந்து மாமாவின் தப்பு (தோல் பறை) செட்டில் அடிக்கிறார். மாசியில் காமன் கூத்து, பிறகு அம்மன் திருவிழாக்கள், இடையே கல்யாணம், சாவு என்று வருடத்தில் பெரும்பாலான வார இறுதிகளில் தப்பு கையில் இருக்கும். வார நாட்களில் தேயிலை பெக்டரியில், கொழுந்தை உருட்டும் ரோலர் அறையில் வேலை. சென்ற திருவிழாவில் ஐந்து மணி நேரம் அடித்து முடித்தபோது இரண்டு காதும் அடைத்து, ‘ஙீ...’ என்ற இரைச்சல் மூன்று நாள் நின்றது. வலது காது தெளிந்துவிட்டது. இடது காதில் மட்டும் இரவில் படுத்தால் இன்னமும் இரைகிறது. டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பதாக மனைவி குறை சொல்கிறார். தேங்காயெண்ணெயில் நனைத்த பஞ்சைக் காதில் வைத்துப் பார்த்தார், பயனில்லை. துபாயிலிருந்து வந்த நண்பர் கொடுத்த மஞ்சள் ஸ்பொஞ் அடைப்பானைப் போட்டு அடித்தபோது தப்பு சாக்கு மூட்டையில் அடித்ததுபோல் கேட்டதாம். ஓங்கி அடித்ததில் குச்சி முறிந்தது. மாமா அடி மாற்றச் சொன்னதும் காதில் விழவில்லை. “காது பழகிவிடும், எங்களுக்கெல்லாம் பழகவில்லையா?” என்கிறார்கள் மூத்தவர்கள்.

அவர் கேட்பவை: 33 என்று எழுதிய அடைப்பான் நல்லதா, 15 என்று எழுதியது நல்லதா? ஸ்பொஞ்சைப் பாதியாக வெட்டிப் போடலாமா? சத்தத்தை அழிக்கும் புளூடூத் இயர்போன் உதவுமா? கூட வாசிக்கும் நாதஸ்வரக்காரர் எதைப் போட்டாலும் தன் மூச்சே குகைக்குள் கேட்பதுபோல் இருக்கிறது என்கிறாரே, அவருக்கு என்ன வழி? பழக வந்திருக்கும் எட்டு வயது மருமகனுக்கு இப்போதே ஏதாவது வேண்டுமா? போன காது திரும்புமா?

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதைப் பொறுத்தே இருக்கிறது. உட்காதில், நத்தை ஓடுபோல் சுருண்ட எலும்புக் குழாய்க்குள், ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 15,000 மயிர்க் கலங்கள் இருக்கின்றன. பெரிய சத்தத்தில் அவை களைத்துப் போகும். அப்போதுதான் காது அடைக்கிறது, இரைகிறது. ஓய்வு கிடைத்தால் பெரும்பாலானவை தெளியும். உங்கள் வலது காதில் நடந்தது அது. களைப்பு எல்லை தாண்டினால் கலங்கள் இறந்துபோகும். மனிதக் காதில் அவை மறுபடி முளைப்பதில்லை. இறந்ததை மீட்க மருந்தோ சத்திரசிகிச்சையோ இன்று கிடையாது. உங்கள் இடது காதில் எவ்வளவு போயிருக்கிறது என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். மிச்சமிருப்பதைக் காப்பது உங்கள் கையில் இருக்கிறது.

மூத்தவர்கள் ‘பழக்கம்’ என்று சொல்வது காது வலுப்பெற்றதை அல்ல. முதலில் போவது 4000 ஹேர்ட்ஸ் சுற்றுவட்டாரத்துக் கூர்மையான ஒலிகள். அவை போனபின் தப்பின் மெல்லிய குச்சி எழுப்பும் ‘சுரீர்’ என்ற ஓசை காதைக் குத்துவதில்லை, அதனால் பழகிவிட்டதாகத் தோன்றுகிறது. அதே காதுக்குத்தான் பிறகு ‘கடை’யா, ‘தடை’யா, ‘சடை’யா என்று பிரித்தறிய முடியாமல் போகும். பேச்சு கேட்கும், சொல் விளங்காது. பெண்களின் குரலும் பிள்ளைகளின் குரலும் முதலில் மங்கும். மனைவி சொல்லும் டிவிக் குறையைச் சண்டையாக எடுக்காதீர்கள், உங்கள் காதைப் பற்றி வீட்டிலிருந்து கிடைத்த முதல் அறிக்கை அது.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்

சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: 3 டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி இரட்டிப்பாகும், காது தாங்கும் நேரம் பாதியாகும். தொழில் சுகாதாரத்தில் பரவலாகப் பின்பற்றும் எல்லை 85 டெசிபலில் 8 மணி நேரம். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் 1 மணி, 97 என்றால் அரை மணி, 100 என்றால் 15 நிமிடம். தப்பு வளையத்துக்குள் நிற்பவரின் காதில் 100ஐத் தாண்டுவது சாதாரணம். 100 என்றே வைத்தாலும் ஐந்து மணி நேரம் என்பது 300 நிமிடம். ஒரு நாளைக்குரிய அளவைப் போல இருபது மடங்கை ஒரே இரவில் வாங்கியிருக்கிறீர்கள். வலிக்கவில்லை என்பதால் கெடவில்லை என்று நினைக்க வேண்டாம். காது வலி தொடங்குவது இதைவிட வெகு மேலே.

இடது காது ஏன்? தப்பை இடது தோளோடு அணைத்துப் பிடிக்கிறீர்கள். தோல் முகத்துக்கும் இடது காதுக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. வளையத்தில் இடப்பக்கம் நிற்பவரின் தப்பும் அதே காதுக்கு நேரே இருக்கிறது. ஆனாலும் இரைச்சல் ஒரே காதில் மாதக்கணக்கில் நின்றால் ‘தப்பால்தான்’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. செவி நரம்பிலோ நடுக்காதிலோ வேறு காரணம் இருக்கலாம். அதை வைத்தியர் பார்த்தே தீர வேண்டும்.

பெக்டரியை மறந்துவிடாதீர்கள். காது ஒரே கணக்குப் புத்தகத்தைத்தான் வைத்திருக்கிறது. ரோலரின் சத்தத்தையும் தப்பின் சத்தத்தையும் அது தனித்தனியாக எழுதுவதில்லை. ரோலர் அருகே ஒரு கை நீளத் தூரத்தில் நிற்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறதா? அப்படியானால் அங்கே 85 அல்லது அதற்கு மேல். அது 88 ஆக இருந்தால் 8 மணி நேர முறையில் தினமும் இரண்டு நாள் அளவு. சனிக்கிழமை இரவு தப்படித்துவிட்டு ஞாயிறு இரவு முறைக்குப் போனால், களைத்த கலங்களுக்குத் தெளிய நேரமே இல்லை.

தொலைபேசியில் சத்தம் அளக்கும் செயலி வைத்திருக்கிறீர்களா தெரியவில்லை. ரோலர் அறையின் ஒரே சீரான இரைச்சலுக்கு அது ஓரளவு உதவும். தப்புக்கு நம்ப வேண்டாம். திடீர் அடிகளில் தொலைபேசியின் மைக் திணறிப் போய், உள்ளதைவிடக் குறைத்தே காட்டும்.

33ஆ, 15ஆ?

பெட்டியில் இருக்கும் எண் எத்தனை டெசிபல் குறைக்கும் என்பது, ஆய்வுக்கூடத்தில் சரியாகப் பொருத்தி எடுத்தது. 33 என்று எழுதிய ஸ்பொஞ், அவசரத்தில் செருகிய காதில் பாதியைக் கொடுத்தாலே பெரிது. அதனால்தான் தொழில் சுகாதாரத் துறையினர் ஸ்பொஞ் வகைக்கு எழுதியிருக்கும் எண்ணைப் பாதியாக்கிக் கணக்கிடுகிறார்கள். இசைக்கென்று செய்யும் வகைகளின் அமெரிக்க லேபலில் 12, 13 என்று சின்ன எண் இருப்பதைப் பார்த்துத் தள்ளிவிடாதீர்கள். கணக்கிடும் முறையால் அது குறைந்து தெரிகிறது. நன்றாகப் பொருந்திய காதில் அதே அடைப்பான் 20 டெசிபல் அளவுக்குக் குறைக்கும்.

எண்ணைவிட முக்கியம், எந்த ஒலியை எவ்வளவு குறைக்கிறது என்பது. ஸ்பொஞ் கீழ் ஒலிகளைக் கொஞ்சமும் கூர்மையான ஒலிகளை மிக அதிகமாகவும் குறைக்கும். தப்பின் ‘தொம்’ மட்டும் மிஞ்சி, மெல்லிய குச்சியின் ‘சட்’ காணாமல் போகும். நீங்கள் சொன்ன சாக்கு மூட்டை இதுதான். அந்த ‘சட்’தான் உங்களுக்குத் தாளத்தின் விளிம்பு. அது கேட்காததால் தேடி ஓங்கி அடித்தீர்கள், குச்சி முறிந்தது. தவறு உங்கள் கையில் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. திறந்த காதுக் குழாய் புல்லாங்குழல்போல் தானே 2700 ஹேர்ட்ஸ் அளவில் ஒலியைக் கூட்டிக் கொடுக்கும். எதையாவது செருகியதும் அந்தக் கூட்டல் நின்றுபோகும், இசை மங்கும். 1988இல் வந்த ஈஆர்-15 என்ற அடைப்பான் இதைக் கணக்கில் எடுத்தே வடிவமைக்கப்பட்டது. ஒரு மெல்லிய சவ்வும் அளந்து விட்ட ஒரு சிறு துளையும் சேர்ந்து, இழந்த கூட்டலைத் திருப்பிக் கொடுக்கும். அதனால் மேலும் கீழும் ஏறக்குறைய சமமாக 15 டெசிபல் குறைகிறது. குரல் குரலாகவே, தப்பு தப்பாகவே கேட்கும், ஆனால் தூரத்தில் நின்று கேட்பதுபோல். சவ்வும் துளையும் சேர்ந்த இந்தப் பகுதிதான் வடிகட்டி. இதே வகையில் 9, 25 டெசிபல் குறைக்கும் வடிகட்டிகளும் உண்டு.

உங்களுக்கு எது? கணக்குப் போட்டுப் பாருங்கள். வளையத்துக்குள் 105 என்றால், 15 வடிகட்டி அதை 90க்குக் கொண்டுவரும், இரண்டரை மணி நேரம் தாங்கும். இரவு முழுக்க ஆடும் கூத்துக்கு அது போதாது. 25 வடிகட்டி 80க்குக் கொண்டுவரும். ஆகவே தப்பு வளையத்துக்குள் நிற்கும் உங்களுக்கு 25, கீபோர்ட்டிலோ பாட்டிலோ இருப்பவருக்கு 15.

இவை காதின் அச்செடுத்துச் செய்பவை, மலிவானவை அல்ல. முதலில் அச்செடுக்காத, மூன்றடுக்குக் குடை வடிவச் சிலிக்கன் வகையை வாங்குங்கள். ‘இசைக் கலைஞர்களுக்கானது’ என்று போட்டு 20 டெசிபல் அளவு சமச்சீராகக் குறைப்பது போதும். இரண்டு அளவுகளில் கிடைத்தால் இரண்டையும் எடுத்துப் பாருங்கள், பலருக்கு வலது காதுக் குழாயும் இடது காதுக் குழாயும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு பருவம் முழுக்கப் போட்டுப் பழகி, இனி இது இல்லாமல் முடியாது என்று தோன்றும்போது அச்செடுத்ததற்குச் செலவு செய்யலாம். முதல் நாளே பெரிய தொகை கொடுத்து வாங்கி, காது உறுத்துகிறது என்று அலுமாரிக்குள் வைத்துவிடுபவர்கள் அதிகம்.

ஸ்பொஞ்சை வெட்ட வேண்டாம். அது காப்பது, சுருட்டிச் செருகியபின் நீளவாக்கில் குழாயின் சுவரோடு விரிந்து ஒட்டுவதால். பாதி நீளத்தில் ஒட்டும் இடம் போய்விடும், பிடித்து வெளியே எடுக்கவும் நுனி இருக்காது. நடுவில் ஊசியால் துளைபோடுவதும் அப்படியே, காப்பும் போகும், இசையும் தெளியாது.

புளூடூத் இயர்போன் வேண்டாம். விமானத்தின் இரைச்சல்போல் நீண்டு ஒலிக்கும் கீழ் ஒலியை அது எதிரான ஒலி அலையை எழுப்பி அடக்கும். தப்பின் அடி வந்து போகும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. காதுகாப்பு என்று சோதித்துச் சான்றளிக்காத எதையும் 100 டெசிபலுக்குள் நம்பிப் போகாதீர்கள்.

பஞ்சு குறைப்பது மிகச் சொற்பம். எண்ணெய்ப் பஞ்சு மலைநாட்டு ஈரத்தில் காதுக்குள் பூஞ்சை வளர்வதற்கும் இடம் கொடுக்கும். இன்றே நிறுத்துங்கள்.

செருகும் விதம்: இங்குதான் பெரும்பாலும் பிழை நடக்கிறது

துபாய் ஸ்பொஞ்சை எறிய வேண்டாம், சத்தம் மட்டும் குறைந்தால் போதும் என்ற இடங்களுக்கு அது உதவும். கையைக் கழுவித் துடைத்து, விரல்களுக்கிடையே உருட்டி, சுருக்கம் விழாமல் மெல்லிய திரியாக்குங்கள். இடது காதுக்கு என்றால் வலது கையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய் காது மடலை மேலும் பின்னும் இழுங்கள். குழாயின் வளைவு நிமிரும். உடனே செருகி, விரலால் அப்படியே அழுத்திப் பிடித்து முப்பது எண்ணுங்கள். நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் முப்பது போதாது. ஸ்பொஞ் குளிரில் விறைத்து மெதுவாகத்தான் விரியும், கையை எடுத்ததும் பின்னால் நழுவும். போடுவதற்கு முன் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி, உள்ளே வைத்தபின் ஒரு நிமிடம் பிடியுங்கள்.

சிலிக்கன் வகையை உருட்டக் கூடாது. நுனியைச் சற்று நனைத்து, மடலை அதேபோல் இழுத்து, மெல்லத் திருகியபடி உள்ளே விடுங்கள். வெளியே எடுக்கும்போது சட்டென இழுக்க வேண்டாம், இறுக்கமாக ஒட்டியிருந்தால் செவிப்பறையில் வலி எடுக்கும். முதலில் திருகி ஒட்டை விடுவித்து, பிறகு எடுங்கள்.

பொருந்தியதா என்று பார்க்க இரண்டு வழி. ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள். இரண்டு காதும் சரியாக அடைபட்டிருந்தால் உங்கள் குரல் தலைக்கு நடுவில் ஒலிக்கும், ஒரு பக்கம் சாய்ந்தால் எதிர்ப்பக்க அடைப்பான் கசிகிறது. அடுத்து, செட் அடிக்கும்போது உள்ளங்கைகளால் காதுகளைப் பொத்தி எடுங்கள். பொத்தும்போது சத்தம் பெரிதாகக் குறைந்தால் அடைப்பான் தன் வேலையைச் செய்யவில்லை. கசிவு வந்தால் முதலில் உள்ளே நுழைவது ‘தொம்’ என்ற கீழ் ஒலி. அது தூக்கலாகக் கேட்டாலே எடுத்து மறுபடி போடுங்கள். 100 டெசிபலில் 15 குறைய வேண்டிய இடத்தில் கசிவால் 5 மட்டும் குறைந்தால், 8 மணி நேரத்துக்குப் பதில் முக்கால் மணி நேரந்தான் கிடைக்கும்.

இனிச் சொல்வதைக் கடிதத்திலிருந்து வெட்டி தப்பின் சட்டத்தில் ஒட்டி வைத்தாலும் தகும். ஐந்து மணி நேரத்தில் மொத்தமாக அரை மணி நேரம் மட்டும் கழற்றிவிட்டீர்கள் என்று வையுங்கள், பேச, தேநீர் குடிக்க, மாமா கூப்பிட்டதைக் கேட்க. அந்த அரை மணியிலும் சுற்றிலும் தப்பு முழங்கிக்கொண்டிருந்தால், 20 டெசிபல் கொடுத்த அடைப்பானின் காப்பு அந்த இரவுக்கு 10க்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே பெரிய எண் வாங்கி அடிக்கடி கழற்றுவதைவிட, சின்ன எண் வாங்கி முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை வைத்திருப்பது பாதுகாப்பு. எந்த அடைப்பானைப் போட்டுக்கொண்டு மாமா அடி மாற்றச் சொல்வது உங்களுக்குக் கேட்கிறதோ, அதுவே உங்கள் அடைப்பான்.

எப்போது போடுவது? தப்புக் காய்ச்சுவதற்கு முன். வைக்கோலைக் கொளுத்தி எல்லோரும் குனிந்து நின்று தோலைக் காட்டும் அந்தப் பத்து நிமிடத்தில்தான், ஏறிவிட்டதா என்று ஒவ்வொருவரும் தட்டிப் பார்ப்பார்கள். அந்தத் தட்டல் பக்கத்தில் குனிந்திருப்பவரின் காதுக்கு நேராக விழும். கை கரிபடுவதற்கு முன் போட்டுவிடுங்கள். பனி மூட்டத்தில் தோல் சீக்கிரம் தொய்யும், தொய்ந்த தப்பு சத்தம் தராததால் கை தானாக ஓங்கும். அடிக்கடி காய்ச்சுங்கள், அது உங்கள் தோளையும் காக்கும். காய்ச்சும் இடைவேளையில் உங்கள் தப்பு ஏறியதும் வளையத்தைவிட்டு இருபது முப்பது அடி தள்ளி நில்லுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். தகரக் கூரை போட்ட மடுவக் கொட்டகைக்குள் அந்தக் குறைவு கிடைக்காது, ஒலி சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும். பயிற்சியை வெளியே வையுங்கள்.

வெடி கொளுத்தும் இடத்துக்கும் ஸ்பீக்கர் பொக்ஸுகளுக்கும் நேர் முன்னால் நிற்காதீர்கள். காதருகே வெடிக்கும் ஒரு வெடியின் உச்சம் 140 டெசிபலைத் தாண்டும். ஒரே வெடியில் நிரந்தரச் சேதம் வரலாம், கணக்குப் போட நேரம் இருக்காது.

புதிய அடைப்பானை முதன்முதலாகத் திருவிழா இரவில் போடாதீர்கள். இரண்டு வாரம் பயிற்சியில் போட்டு, கைக்குப் புதிய சத்தத்தைப் பழக்குங்கள். அடி மாற்றத்தைக் குரலால் சொல்லாமல் குச்சியை உயர்த்திக் காட்டும்படி மாமாவிடம் கேளுங்கள். அவர் முகம் தெரியும் இடத்தில் நில்லுங்கள். கயிறு வைத்த வகையானால் கயிற்றைக் கழுத்துக்குப் பின்னால் விட்டுச் சட்டையில் ஊசி குத்துங்கள். முன்னால் தொங்கினால் குச்சியில் மாட்டும், உரசும் சத்தமும் காதுக்குள் கேட்கும்.

சிலிக்கனை இளஞ்சூட்டு நீரிலும் சவர்க்காரத்திலும் கழுவி, நிழலில் முழுதாக உலரவிட்டுப் பெட்டியில் போடுங்கள். வடிகட்டியைக் கழற்ற முடிந்தால் கழற்றியபின் கழுவுங்கள், அதில் தண்ணீர் படக் கூடாது. துளையில் குறும்பி அடைத்தால் சமச்சீர் போய்ச் சத்தம் மங்கும். ஸ்பொஞ் அழுக்கானால் எறிந்துவிட வேண்டியதுதான்.

நாதஸ்வரக்காரருக்கு

குழல் ஊதும்போது சீவாளியின் அதிர்வு பல், தாடை வழியாகக் காதுக் குழாயின் வெளிப்பகுதிக்கு வந்துசேரும். அந்தப் பகுதி குருத்தெலும்பு, அதிரும். காதுத் துவாரம் திறந்திருந்தால் அந்த அதிர்வு வெளியேறும். மேலோட்டமாக அடைத்தால் உள்ளே சிறைப்படும், குகைக்குள் ஊதுவதுபோல் கேட்கும். தளர்த்திப் போட்டால் சரியாகும் என்று அவர் நினைத்திருப்பார். காப்பு போவதைத் தவிர அதில் பலனில்லை. தீர்வு எதிர்த்திசையில் இருக்கிறது: குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்டி, எலும்புப் பகுதியில் ஒட்டும்படி ஆழமாகச் செய்த அச்சு அடைப்பான். அச்செடுக்கும் சிலிக்கன் இறுகும்வரை, ஊதும்போது இருப்பதுபோல் வாயைத் திறந்து வைத்திருக்கச் சொல்லுங்கள். தாடை அசைந்தால் குழாயின் வடிவம் மாறும், வாய் மூடி எடுத்த அச்சு ஊதும்போது கசியும். அச்செடுப்பவர் முதலில் கருவியால் காதைப் பார்த்து, நூல் கட்டிய சிறு பஞ்சுத் தடுப்பை உள்ளே வைத்த பிறகே சிலிக்கனை விட வேண்டும். அது செவிப்பறைக்குக் காவல். வைக்காமல் தொடங்கினால் நிறுத்தச் சொல்லுங்கள். தவில் நிற்கும் பக்கத்துக்கு 15, மறுபக்கத்துக்கு 9 வடிகட்டி போட்டால் தன் சுருதியை அவர் நன்றாகக் கேட்பார்.

மருமகனுக்கு

எட்டு வயதுப் பிள்ளையின் குழாய் சிறியது. பெரியவர்களின் அடைப்பான் பொருந்தாது. பிள்ளைகளுக்கென்று அளவெடுத்த, காதை வெளியிலிருந்து முழுக்க மூடும் கவசத்தை வாங்குங்கள். சரியாக மூடியிருக்கிறதா என்று நீங்களே கண்ணால் பார்க்கலாம். அடிகளைப் பழகும் மாதங்களில் பழைய டயர் துண்டிலோ மடித்த சாக்கிலோ தட்டட்டும், விரலும் மணிக்கட்டும் அதே வேலையைத்தான் கற்கும். செட்டோடு நிற்கும்போது வளையத்துக்கு வெளியே. தொடக்கத்திலிருந்தே கவசத்தோடு கற்ற பிள்ளைக்குத் தப்பின் சத்தமே அதுதான், பிறகு பழக வேண்டியதில்லை.

பெக்டரியில்

ரோலர் அறையில் ஸ்பொஞ்சைவிடக் கவசமே சரி. கொழுந்துச் சாறும் தூளும் படிந்த விரலால் ஸ்பொஞ்சை உருட்டினால் அத்தனையும் காதுக்குள் போகும். அங்கே 10, 15 டெசிபல் குறைந்தாலே போதும். அதிகம் அடைத்தால் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கத்துவது கேட்காது, அது விரலுக்கு ஆபத்து.

இதை உங்கள் கைக்காசில் வாங்க வேண்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். அது சரியல்ல. வேலைத்தலத்தில் தொழிலாளியின் பாதுகாப்பு நிர்வாகத்தின் பொறுப்பு. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலைத் தொழிற்சாலைக்கும் பொருந்தும். முதலில் பெக்டரி ஒபிசரிடம் எழுத்தில் கேளுங்கள், ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமென்றால் ரோலர் அறையில் வேலை செய்யும் எல்லோரும் கையெழுத்திட்டு, தொழிற்சங்கத் தலைவர் மூலம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தொழில் திணைக்களத்தின் கைத்தொழில் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது. எடுத்தவுடன் அங்கே போக வேண்டாம். நிர்வாகத்தோடு தினமும் முகம் பார்த்து வேலை செய்பவர் நீங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று கவசங்கள் வாங்கிக் கொடுப்பதோடு விடயம் முடிந்துவிடும்.

அடைப்பான் வாங்குவதற்கு முன்

காதைக் காட்டுங்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் காட்டி, கண்டி தேசிய வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. குறும்பி இறுகியிருந்தால் அடைப்பான் அதை இன்னும் உள்ளே தள்ளும், முதலில் எடுக்க வேண்டும். நீங்களே குச்சி விட்டுத் தோண்டாதீர்கள். செவிப்பறையில் துளையோ சீழோ இருந்தால் ஆறும்வரை உள்ளே எதையும் செருகக் கூடாது, கவசம் மட்டுமே.

கேட்டல் பரிசோதனைக்கு முன் குறைந்தது 16 மணி நேரம் பெக்டரியும் இல்லை, தப்பும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் களைத்த காதின் அளவைத்தான் பரிசோதனை முடிவைக் கோடாக வரைந்து தரும் அட்டை காட்டும். 3000, 6000 ஹேர்ட்ஸையும் சேர்த்துப் பார்க்கும்படி கேளுங்கள். சத்தத்தால் வந்த சேதமானால் கோடு 4000 அருகே பள்ளமாக இறங்கி, 8000இல் சற்று ஏறும். அட்டையின் பிரதியைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள், அடுத்த வருடத்து அட்டையோடு ஒப்பிடும்போதுதான் அதன் அருமை தெரியும்.

இரவு இரைச்சலுக்கு மாத்திரை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். லயத்து அறை நிசப்தமாகும்போது இரைச்சல் பெரிதாகத் தெரிகிறது, கூடுவதில்லை. படுக்கும்போது ரேடியோவை மெல்லிய சத்தத்தில் விட்டு வையுங்கள், மூளை இரைச்சலையே தேடிப் பிடிப்பது குறையும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். ஒரு காது திடீரென்று, ஒரே நாளிலோ இரண்டு மூன்று நாட்களுக்குள்ளோ கேட்காமல் போனால், தலைசுற்றல் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். அதற்கு ஸ்டீரொயிட் சிகிச்சை உண்டு. முதல் சில நாட்களில் கொடுத்தால்தான் நல்ல பலன் கிடைக்கும், இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு மிகக் குறைவு. சளி அடைப்பு என்று நினைத்து எண்ணெய் விட்டுக் காத்திருப்பவர்கள் அந்த நாட்களைத்தான் இழக்கிறார்கள்.

மாசியில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுவதற்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. முதலில் பரிசோதனை, பிறகு சிலிக்கன் அடைப்பான், பிறகு இரண்டு வாரப் பயிற்சி என்ற வரிசையில் போனால் கூத்துக்கு முன் எல்லாம் முடியும். அட்டை கைக்கு வந்ததும் 3000, 4000, 6000க்கு எதிரே இரண்டு காதுக்கும் உள்ள ஆறு எண்களை எழுதி அனுப்புங்கள். எந்த வடிகட்டி என்பதை அதைப் பார்த்து உறுதியாகச் சொல்கிறேன்.